கைம்பெண்ணின் காதலும் நமது இலக்கியமும்

சென்ற ஆண்டு விடுமுறையில் கனடாவிலிருந்து வந்திருந்த என் மருமகள், அதாவது என் அக்காவின் மூத்த மகள், திரும்பிச் செல்லும்போது ஒரு தடித்த ஆங்கில நாவலை அறையிலே மறந்து விட்டுப் போனாள். அட்டையைக் கண்ட மாத்திரத்தே அது ஒரு காதற்கதை என்பது விளங்கிற்று. நாற்பது ஆண்டுகளாக வாசிகசாலைகளிலும் ஆசிரியர் கூட்டங்களிலும் இலக்கியம் மக்களுக்காகவே என்று பேசி வந்தவன் நான். இத்தகைய நூல்களைத் தொடுவதே நேரத்தை விரயஞ் செய்வதாகும் என்பது எனது நெடுநாளைய கருத்து. மார்கழியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்திலே, வாவி பெருகி வட்டைகளெல்லாம் ஒரே வெள்ளக்காடாகக் கிடந்தபோது, வேறு வாசிப்பதற்கு எதுவுமின்றி அதனைக் கையிலெடுத்தேன். மூன்று இரவுகளில் முடித்தேன். முடித்த பின்பு அக்காவின் முகத்தை நேரே பார்ப்பதற்கு எனக்குச் சில நாட்கள் பிடித்தன.

நூலின் பெயர் 'பிஃபோர் ஐ லெட் கோ'. கென்னடி றயன் என்னும் கறுப்பின அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 2022இல் வெளியிட்டது. அற்லாண்டா நகரிலே யாஸ்மென், ஜொசாயா என்ற தம்பதியர் ஓர் உணவகத்தை நடத்துகின்றனர். ஜொசாயாவை வளர்த்தெடுத்த முதிய உறவினப் பெண் திடீரென இறந்து போகிறார். அந்தச் சாவீட்டின் ஈரம் உலர்வதற்கு முன்னரே யாஸ்மெனின் வயிற்றில் முதிர்ந்திருந்த குழந்தை இறந்து பிறக்கிறது. கணவன் தன் துயரை வேலைக்குள் புதைக்கிறான். மனைவியோ படுக்கையை விட்டெழவே மாட்டாதவளாகிறாள். இருவரும் ஒருவரையொருவர் வெறுக்கவில்லை. ஆயினும் திருமணம் முறிந்துபோகிறது. கதை தொடங்குவது இத்தனைக்கும் பின்னர்தான். உணவகத்தையும் இரண்டு பிள்ளைகளையும் சேர்ந்தே பராமரிக்க வேண்டியவர்களாகிய அவ்விருவரும், துயரத்திலிருந்து மெல்ல மெல்ல மீண்டு, மறுபடியும் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்குவதே நூலின் பொருள்.

குறைகள் இல்லாமலில்லை. பாத்திரங்கள் வசதி படைத்தவர்கள். மனநல ஆலோசகரிடம் சென்று உட்கார்ந்து பேசுவதற்குப் பணமும் ஓய்வும் வேண்டும். வாவியில் இறால் பிடிப்பவனுக்கோ அரிசி ஆலையிற் புடைக்கும் பெண்ணுக்கோ துயரம் ஆறுவதற்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. இவற்றையெல்லாம் ஓரத்தில் குறித்துக்கொண்டே வாசித்தேன். குறிப்பதை எங்கே நிறுத்தினேன் என்பது நினைவில்லை.

அக்காவுக்கு ஆங்கில நாவல் வாசிக்கும் பழக்கமில்லை. மருமகள் வாசித்த கதை என்னவென்று அவரே கேட்டதனால், விறாந்தையிலிருந்து நாலைந்து மாலைகளில் கதையைச் சொன்னேன். அவர் இரண்டே கேள்விகள் கேட்டார். முதலாவது, "செத்துப் பிறந்த அந்தப் புள்ளைக்குப் பேர் வைச்சாங்களா?" ஆம், ஹென்றி என்று பெயர் வைத்திருந்தார்கள் என்றேன். இரண்டாவது, "பிரிஞ்ச பிறகு வீட்டில இருக்கிறது ஆரு?" மனைவியும் பிள்ளைகளும் வீட்டிலே இருக்கிறார்கள், கணவன்தான் வெளியேறிப் போனான் என்றேன். "அப்ப நம்மட ஊர் மாதிரித்தான்" என்றார்.

அக்கேள்வியை ஒரு மட்டக்களப்புப் பெண்ணன்றி வேறெவரும் அவ்வளவு விரைவிற் கேட்டிருக்க மாட்டார். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பகுதியிலே மணஞ்செய்யும் ஆண் மனைவியின் வீட்டிற்குச் செல்கிறான். வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போவன. மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, பெற்றோர் இளைய பிள்ளைகளோடு அயலிலே சிறு வீடொன்றுக்கு ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. முக்குவச் சட்டம் என்ற பெயரில் வழங்கிய தாய்வழி உரிமை முறை, 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தோடு நீதிமன்றங்களிலிருந்து மறைந்துவிட்டது. சட்டம் மறைந்ததே தவிர வழக்கம் மறையவில்லை. குடி தாய்வழி வருவதும் வீடு பெண்ணுக்கென்பதும் தமிழரிடையே மட்டுமன்றி, இப்பகுதி முஸ்லிம்களிடையேயும் இன்றுவரை நிற்கின்றன.

இதனை இந்தியாவின் நிலையோடு வைத்து நோக்குவது பயனுடையது. அங்கே கைம்பெண் பெரும்பாலும் கணவன் குடும்பத்தின் கூரையின் கீழ் நிற்பவள். கைம்பெண் மறுமணத்தைச் சட்டபூர்வமாக்கிய 1856ஆம் ஆண்டுச் சட்டமே, மறுமணஞ் செய்பவள் முதற் கணவனின் சொத்திலே தனக்கிருந்த உரிமையை இழப்பாள் என்றும் விதித்தது. ஒரு கையாற் கொடுத்துவிட்டு மறு கையால் எடுத்துக்கொண்ட சட்டம் அது. எங்கள் பெண்ணுக்கு அந்த அச்சம் இல்லை. கூரை அவளுடையது. பொருளாதார அடித்தளம் மாறினால் மேற்கட்டுமானமும் மாறும் என்று படித்தவர்கள் நாம். அவ்வாறாயின் மட்டக்களப்புக் கைம்பெண்ணுக்கு இரண்டாவது வாழ்க்கை எளிதாக இருந்திருக்க வேண்டுமல்லவா? ஏன் இருக்கவில்லை என்பதற்கு நூலகத்திற் போய்த் தேட வேண்டியதில்லை. நானே சாட்சி.

அக்காவுக்கு 1983இல் கலியாணம் நடந்தது. காதற் கலியாணம். அத்தான் கூட்டுறவுக் கடையிலே முகாமையாளராக இருந்தார். இரவில் வளவு மணலில் கிடந்து நாட்டுக் கவி பாடுவார். அக்கா சிரித்து நான் கண்டதெல்லாம் அந்த ஏழாண்டுகளில்தான். 1990 ஆனியில் போர் மறுபடியும் மூண்டது. ஆவணியில் ஒரு சுற்றிவளைப்பின்போது அத்தான் கொண்டுபோகப்பட்டார். திரும்பவில்லை. மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவளுக்கு மூன்று. அக்கா வெள்ளை உடுக்கவில்லை, பொட்டை அழிக்கவுமில்லை. மாதமொருமுறை அத்தானின் சைக்கிளைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, மறுபடியும் அதே இடத்தில் நிறுத்துவார்.

அக்கா கற்பித்த பாடசாலைக்குப் படுவான்கரையிலிருந்து ஒரு கணித ஆசிரியர் வந்து போய்க்கொண்டிருந்தார். மண்முனைத் துறையிலே பாதையேறி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வருபவர். அவருடைய மனைவி சில ஆண்டுகளுக்கு முன்னர் காய்ச்சலில் இறந்துபோனார். இரவிலே வாவியைக் கடந்து ஆசுபத்திரிக்குக் கொண்டுவர முடியாதிருந்த காலம் அது. மருமக்கள் இருவருக்கும் அவர் மாலையிற் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு நாள் அத்தானின் சைக்கிள் ரியூப் உக்கிக் கிடப்பதைக் கண்டு, கேளாமலே புதியது வாங்கிப் போட்டார், காற்றடித்தார், ஏறி ஓடிப் பார்க்கவில்லை, பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டுப் போனார். அன்றிரவு அக்கா என்னிடம் அதைச் சொன்னபோது நான் அதிற் சிறப்பு எதையும் காணவில்லை.

1997இல் அவர் ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலம் முறைப்படி என்னிடம் சொல்லியனுப்பினார். என்னிடம் ஏன்? தாய்வழிச் சமுதாயத்திலே வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருக்கும். பேச்சோ அவளுடைய சகோதரனின் வாயில் இருக்கும். பிள்ளைகளுக்கு நான் மாமன். என் சொல்லுக்கு அந்த வளவில் மறுசொல் இல்லை. நான் மூன்று காரணங்களைச் சொன்னேன். பெண்பிள்ளைகள் வளர்ந்து வருகின்றனர். சனம் பலதும் பேசும். மூன்றாவதாக, அத்தான் உயிரோடு திரும்பி வந்தால் என்ன செய்வது? மூன்றாவது காரணம் உண்மையானது. ஆனால் நான் அதனை உண்மையாகச் சொல்லவில்லை. முதலிரண்டையும் மறைக்கும் கேடயமாகவே சொன்னேன். ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார்.

இதைவிட வெட்கத்துக்குரியது ஒன்றுண்டு. அதற்கு முந்திய ஆண்டுதான், பாரதி விழாவொன்றிலே ஜெயகாந்தனின் 'யுகசந்தி' பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்தேன். தலை மழித்த கௌரிப்பாட்டி, விதவையான பேத்தி கீதாவின் மறுமண முடிவை ஏற்று, ஊரையும் மகனையும் உதறிவிட்டு அவளோடு புறப்படும் கதை அது. 'பழைமைக்குள்ளிருந்தே புதுமை பிறக்கும் இயக்கவியல்' என்று முழங்கினேன். கைதட்டினார்கள். அக்காவும் பின் வரிசையிலிருந்து கேட்டார்.

அந்த முரண்பாடு வெறும் என் பலவீனந்தானா, அன்றி நான் போற்றிய இலக்கியத்திலும் அதற்கு இடமிருந்ததா என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். தமிழில் கைம்பெண் மறுமணத்தை எழுதியவர்கள் பெரியவர்கள். அ. மாதவையாவின் 'முத்துமீனாட்சி' 1903இல் வந்தது. பாரதியார் முடிக்காமல் விட்ட 'சந்திரிகையின் கதை'யிலே விசாலாட்சிக்கு மறுமணம் நடக்கிறது; வீரேசலிங்கம் பந்துலுவும் ஜி. சுப்பிரமணிய ஐயரும் கதைமாந்தராகவே வந்து போகின்றனர். அவ்விருவரும் வாழ்க்கையிலும் செய்து காட்டியவர்கள்: வீரேசலிங்கம் 1881இல் இராஜமுந்திரியிலே கைம்பெண் மறுமணத்தை நடத்தி வைத்தார், சுப்பிரமணிய ஐயர் தமது விதவை மகளுக்கு 1889இல் மறுமணஞ் செய்வித்தார். இவர்களின் துணிவைக் குறைத்து மதிப்பிட எனக்கு எந்தத் தகுதியுமில்லை.

எனினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. இக்கதைகளில் வரும் கைம்பெண் யார்? சிறு வயதிலே தாலி கட்டப்பட்டவள். அல்லது மணமாகிச் சில மாதங்களில் கணவனை இழந்தவள். கீதாவும் பத்து மாத வாழ்க்கையில் விதவையானவளே. அவள் வாழவில்லை, ஆகவே அவளுக்கு வாழ்வு கொடுக்க வேண்டும் என்பதே சீர்திருத்தத்தின் வாதம். அதாவது அவளுடைய இரண்டாவது திருமணம் உண்மையிலே முதலாவது திருமணம். இரக்கத்துக்குரியவளாக இருப்பதற்கு அவள் முந்தி எவரையும் மனமார நேசித்திராதவளாக இருக்க வேண்டியிருந்தது. ஏழாண்டுகள் ஒருவனோடு மகிழ்ந்து வாழ்ந்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, இன்னும் அவன் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கும் முப்பத்தைந்து வயதுப் பெண், மற்றொருவனையும் நேசிக்கக் கூடுமா? என் மேடைப் பேச்சில் இக்கேள்விக்கு இடமிருக்கவில்லை. ஆகவே அக்காவை நான் 'யுகசந்தி'யோடு சேர்த்துப் பார்க்கவேயில்லை. கீதா வாழாதவள், அக்கா வாழ்ந்து முடித்தவள். அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் இந்தக் கேள்வியை நெடுங்காலத்துக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். ஸோரா நீல் ஹேர்ஸ்டன் 1937இல் எழுதிய 'தெயர் ஐஸ் வேர் வாச்சிங் கோட்' என்ற நாவலை றயனின் நூலுக்குப் பின்னர் தேடி வாசித்தேன். ஜேனி என்னும் பெண் நாற்பதை நெருங்கும் வயதில், இரண்டாவது கணவனின் மரணத்துக்குப் பின், அவன் கட்டாயப்படுத்தித் தலையிற் கட்டுவித்த துணிகளையெல்லாம் எரித்துவிட்டுப் பின்னலைத் தொங்கவிட்டு நடக்கிறாள். தன்னிலும் இளையவனான ஒரு கூலித் தொழிலாளியை ஊர் பேச மணக்கிறாள். புளோரிடாவின் ஒக்கிச்சோபி ஏரிக்கரையிலே அவரை பறிக்கும் தொழிலாளரோடு வாழ்கிறாள். 1928இல் உண்மையிலேயே வீசிய புயல் கதைக்குள்ளும் வீசுகிறது. ஏரி கரையுடைத்துப் பாய்கிறது. பிணங்களைப் புதைக்கும்போது வெள்ளையருக்குப் பெட்டி, கறுப்பருக்குக் குழி என்று பிரிக்கிறார்கள். 1978 கார்த்திகை 23ஆந் திகதிச் சூறாவளியை மட்டக்களப்பில் அனுபவித்த எவருக்கும் அந்த அத்தியாயங்கள் அந்நியமாக இரா. அந்தக் கணவனும் இறந்துபோக, ஜேனி தனியே தன் சொந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். அழுதுகொண்டன்று, நிறைந்த மனத்தோடு.

அந்நாவலை வரவேற்காதவர் யாரென்று அறிந்தபோது எனக்குத் திடுக்கிட்டது. அமெரிக்க இடதுசாரிகளின் ஏடாகிய 'நியூ மாசஸ்' இதழிலே, கறுப்பின எழுத்தாளர்களில் நாம் மிகவும் போற்றுபவரான றிச்சர்ட் றைட் அதனைக் கடுமையாக விமர்சித்தார். கருப்பொருளோ செய்தியோ அற்ற நூல் என்பது அவர் தீர்ப்பு. வெள்ளையரின் அநீதியை நேரே எதிர்க்காத நூல் கறுப்பருக்கு எதற்கு என்ற அவரது சினத்தில் நியாயமுண்டு. லிஞ்சிங் கொலைகள் நடந்துகொண்டிருந்த நாட்டிலே எழுதியவர் அவர். ஆயினும் ஒடுக்கப்பட்ட ஒருத்தி தனக்கென்று ஒருவனைத் தெரிந்தெடுப்பது செய்தியற்ற செயல் என்று எப்படிச் சொல்வது? ஹேர்ஸ்டன் 1960இல் வறுமையில் இறந்தார். அடையாளமின்றிக் கிடந்த அவர் கல்லறையை 1973இல் தேடிச் சென்றவர் அலிஸ் வாக்கர் என்னும் மற்றொரு கறுப்பினப் பெண் எழுத்தாளர்.

றைட்டின் கட்டுரை தெரியாமலே நானும் என் ஊரில் அவரைப் போலத் தீர்ப்புச் சொல்லியிருந்தேன் என்பதே நான் சொல்ல வருவது. றைட் புத்தகத்துக்குச் சொன்னார், நான் ஓர் உயிருக்குச் சொன்னேன்.

கறுப்பினத்தவருக்குக் காதலும் திருமணமும் ஏன் அரசியலாயின என்பதற்கு வரலாறு இருக்கிறது. அடிமை முறையின் கீழ் அவர்களுடைய திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. கணவனை ஒரு மாநிலத்துக்கும் மனைவியை மற்றொன்றுக்கும் விற்றார்கள். 1865இல் அடிமைத்தளை நீங்கியதும் அம்மக்கள் செய்த முதற் காரியங்களில் ஒன்று, பத்திரிகைகளில் விளம்பரம் போட்டுத் தம்மவரைத் தேடியதாகும். பிலடெல்பியாவிலிருந்து வந்த 'கிறிஸ்ரியன் றெக்கோடர்' போன்ற திருச்சபை ஏடுகளில், இன்ன ஆண்டு இன்னாரிடம் விற்கப்பட்ட என் கணவனைக் கண்டவர் உண்டா என்று கேட்கும் அறிவிப்புகள் ஆண்டுக்கணக்காக வந்தன. தேடிக்கொண்டிருக்கும்போதே மறுமணஞ் செய்தோரும், மறுமணஞ் செய்தபின் முதற் கணவன் வாசலில் வந்து நிற்கக் கண்டோரும் உண்டு. அம்மக்களின் காதற்கதைகளைப் பெரிய நிறுவனங்களின் மலிவுப் பதிப்பு வரிசைகள் 1980 வரை ஏற்கவில்லை; அமெரிக்கக் காதற்கதை எழுத்தாளர் சங்கத்தின் 'றிற்றா' விருதைக் கறுப்பின எழுத்தாளர் முதன்முதலிற் பெற்றது 2019இல்; பெற்ற இருவரில் ஒருவர் கென்னடி றயன்.

காணாமற்போன கணவனைத் தேடும் அறிவிப்பு என்றவுடன் எங்கள் வாசகர்களுக்கு வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை. 1990 புரட்டாதி 5ஆந் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டனர். அவர்களின் மனைவியருக்கு இன்றுவரை பெயரில்லை. மனைவி என்றால் கணவன் எங்கே? கைம்பெண் என்றால் பிணம் எங்கே? 1990களின் நடுப்பகுதியிலிருந்தே காணாமற்போனோரை இறந்தோராகப் பதிவதற்கென்று தற்காலிகச் சட்டங்கள் வந்தன. 2010இல் 19ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஓராண்டுக்கு மேல் காணாமலிருப்பவருக்கு மரணச் சான்றிதழ் பெறலாம் என்றார்கள். பெண்கள் பலர் மறுத்தார்கள். கையெழுத்து வைத்தால் அவரைத் தம் கையாலேயே கொன்றதாகும் என்றார்கள். அதன்பின் 2016இல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று வந்தது. உதவிப்பணம், சொத்துப் பராமரிப்பு, பிள்ளைகளின் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு அது உதவும். மனத்துக்கு உதவும் சான்றிதழை எந்தப் பிரதேச செயலகமும் வழங்குவதில்லை. 2010இல் மகளிர் விவகாரப் பிரதி அமைச்சர் சொன்ன கணக்கின்படி, போரினால் கைம்பெண்ணானோர் கிழக்கு மாகாணத்தில் மட்டும் 49,000 பேர். அந்த 49,000 பேரில் ஒருத்தியின் இரண்டாவது காதலைப் பற்றிய ஒரு நாவலேனும் என் கையில் அகப்படவில்லை. மரணத்தைப் பாடிய கவிதைகள் என்னிடம் ஓர் அலுமாரி நிறைய இருக்கின்றன.

முஸ்லிம் சகோதரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990 ஆவணியில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகள் அங்கும் ஒரு தலைமுறைப் பெண்களைக் கைம்பெண்களாக்கின. நான்கு மாதமும் பத்து நாட்களுமாகிய இத்தா முடிந்தால் மறுமணத்துக்கு அவர்களுடைய சமயத்தில் தடையில்லை. அந்த நேர்மையை நாம் கற்றுக்கொள்ளலாம். இரண்டாந்தாரமாகப் போக நேர்வதும் வறுமையும் அங்குள்ள வேறு கதை.

ஆண்களுக்கு இத்தகைய சிக்கல் எதுவும் இருந்ததாக நான் காணவில்லை. 2004 மார்கழி 26ஆந் திகதிக் கடற்கோளில் நாவலடி துடைத்தழிந்து போயிற்று. கடலுக்கும் வாவிக்கும் இடையிலே அகப்பட்டு இறந்தவர்களிற் பெண்களும் குழந்தைகளும் மிகப் பலர். ஓராண்டு கழிவதற்குள் முகாம்களிலே மனைவியை இழந்தோர் பலர் மறுமணஞ் செய்தனர். நானே மூன்று கலியாணங்களிற் சாப்பிட்டேன். சனம் எதுவும் பேசவில்லை; பாவம், பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்றது. அக்காவுக்கும் பிள்ளைகள் இருந்தனவே என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை. திராய்மடு முதலிய இடங்களில் எழுந்த புதிய வீடுகளைக் 'குடும்பத் தலைவர்' பெயரில் எழுதும் வழக்கம் வந்ததையும், தாய்வழி வந்த வீட்டுரிமை அதனால் ஆண் கைக்கு மாறுகிறதென்று மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் எதிர்த்ததையும் இங்கே குறிப்பிடுவது தகும். எங்கள் பெண்ணுக்கு இருந்த ஒரேயொரு பலத்தையும் நிவாரணம் என்ற பெயரிலே கழற்றப் பார்த்தார்கள்.

கதையை முழுதும் சொல்லி முடித்த மாலையில், 1997இல் நான் செய்ததற்காக அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு சொன்னார்: "தம்பி, நீ ஒண்டும் தெரியாமத்தான் மறிச்சாய். சான்றிதழுக்குக் கையெழுத்து வைக்க மாட்டன் எண்டு நான் மாஸ்டருக்கு அப்பவே சொல்லிப் போட்டன். அது வேணாம், பதிவும் வேணாம், அவர் திரும்பி வந்தா நான் எழும்பிப் போறன், அதுவரைக்கும் இருக்கட்டா எண்டு கேட்டார்."

இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் கேடயமாகப் பிடித்திருந்த மூன்றாவது காரணத்துக்கு, அக்காரணம் என் வாயில் வருவதற்கு முன்பே ஒரு மனிதர் விடை சொல்லியிருந்தார். துக்கத்தை அப்புறப்படுத்தாமல், அதற்குரிய இடத்தை அதற்கே விட்டுவிட்டு, பக்கத்தில் தனக்கொரு பாய் கேட்டவர் அவர். சைக்கிளுக்கு ரியூப் போட்டுவிட்டு ஏறாமற் போனவர் வேறெப்படிக் கேட்பார்? ஜொசாயா என்னும் கதாபாத்திரம் பல நூறு பக்கங்களிற் கற்றுக்கொள்வதைப் படுவான்கரை மாஸ்டர் கற்றே வந்திருந்தார்.

வைகாசியில் எங்கள் பகுதிக் கண்ணகி கோயில்கள் கதவு திறக்கின்றன. பலவற்றில் ஆண்டுக்கு அந்த ஒரு சடங்குதான். கண்ணகி வழக்குரையைப் பாடுகிறார்கள். கல்யாணக்கால் நாட்டிக் கோவலனோடு அவளுக்கு நடந்த மணத்தை நினைவுகூர்கிறார்கள். இறுதியிலே குளிர்த்தி: கொலையுண்ட கணவனுக்காகக் கொதித்து நிற்கும் அப்பெண்ணைக் குளிரும்படி பாடி, நீர் தெளித்து ஆற்றுகிறார்கள். இதனை மூடப் பழக்கமென்று நான் எழுதிய காலமுண்டு. போர்க் காலத்தில் பிள்ளைகளையும் கணவரையும் இழந்த பெண்கள் அம்மன் கோயில்களிலே தெய்வமாடுவோரிடம் வாக்குக் கேட்டு நின்றதையும் இளக்காரமாகப் பார்த்தேன். ஒரு கைம்பெண்ணின் கொதிப்பை ஆற்றுவது ஊர் முழுவதும் கூடிச் செய்ய வேண்டிய வேலை என்று அறிந்திருந்த மக்கள், என்னைக் காட்டிலும் முற்போக்காளர்கள். குளிர்ந்த பின்பு அவளை உள்ளே வைத்து மறு வைகாசி வரை கதவடைத்து விடுகிறோம் என்பதுதான் எனக்குள்ள குறை.

இவ்வாண்டு குளிர்த்திக்கு அக்கா என்னை ஆட்டோ பிடிக்கச் சொன்னார். நள்ளிரவு கழிந்திருந்தது. கோயில் வெளியிலே மணலெல்லாம் சனம். மண்முனைக்கு 2014இல் பாலம் வந்துவிட்டதால் இப்போது படுவான்கரையிலிருந்து எவரும் பாதைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து, நரைத்த தலையோடு ஒருவர் இருந்தார். அக்கா ஆட்டோவை விட்டிறங்கி, "நீ இதில நில்லு, தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய் அந்தச் சாக்கின் மறு ஓரத்தில் அமர்ந்தார். ஆண்டுதோறும் இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது போலும். அவர் ஒரு போத்தல் தேநீரை மூடி திறந்து நீட்டினார். என்ன பேசினார்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை. உள்ளே உடுக்கு முழங்கிக் குளிர்த்தி பாடத் தொடங்கியபோது சனம் எழுந்து வாசலை நெருக்கிற்று. அவர்கள் இருவரும் எழவில்லை. ஆட்டோக்காரப் பையன் நேரமாகிறது என்றான். இன்னும் கொஞ்சம் நில்லு மகன், வாடகையைக் கூட்டித் தருகிறேன் என்றேன்.